தோடம்பழ டொபிப் பெட்டி: எது காசுக்குப் பெறுமதி, எது சும்மா

முதலே சொல்லிவிடுகிறேன். பெட்டியாக வாங்க வேண்டாம். அதற்குள் இருக்கிற வெப்பமானியும் மெழுகுத்தாளும் நல்ல சாமான்கள். மிச்சமெல்லாம் திருகோணமலைச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். தோடம்பழ வாசத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் வருவதைவிடச் சந்தைப் பழத்தின் தோல் எவ்வளவோ மேல். இவ்வளவு தெரிந்தால் போதும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன், எப்படி என்று கேட்கிறவர்களுக்குத்தான் மீதி.

வீட்டிலேயே மெல்லுகிற டொபி செய்து பாருங்கள் என்று இணையத்தில் அழகழகான படம் போட்டு விற்கிறார்களே, அந்த வகைப் பெட்டிகளில் ஒன்று இது. பெயரை எழுதவில்லை. ஏறக்குறைய இதே சாமான்கள் வேறு வேறு ஸ்டிக்கரோடும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன், அதனால் ஒருவரை மட்டும் பிடித்துச் சொல்வது நியாயமில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கென்று மகள் கொழும்பிலிருந்து ஓடர் பண்ணி உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். விலை 4,500 ரூபா, கூரியர்க் கூலி தனி. பெட்டியைத் திறந்த பேத்தி அதை நேரே என்னிடம் கொண்டுவந்தாள். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கிராம், மில்லிலீற்றர், பாகை என்று எதிலாவது எழுதியிருந்தால் இந்த வீட்டில் அது என் பொறுப்பு. சோறு கறி மனைவியின் பொறுப்பு, அதில் நான் தலையிடுவதில்லை.

உள்ளே என்னென்ன இருந்தன: ஒரு போத்தல் குளுக்கோஸ் பாகு, ஒரு பைக்கற் ஜெலற்றின் தூள், 10 கிராம் சிட்ரிக் அமிலம், தோடம்பழச் சுவை ஒரு குப்பி, தேசிக்காய்ச் சுவை ஒரு குப்பி, செம்மஞ்சளும் பச்சையுமாக இரண்டு நிறம், கரடிக்குட்டி வடிவில் ஒரு சிலிக்கன் அச்சு, முள்ளுள்ள வெப்பமானி ஒன்று, வெட்டி அடுக்கிய மெழுகுத்தாள் ஒரு கட்டு, செய்முறைத் தாள் ஒன்று. சீனியும் பட்டரும் நாங்கள் போட வேண்டும். அதாவது டொபியின் எடையில் பாதிக்கு மேல் நம்முடைய காசு.

வெப்பமானியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வேலையே அதில்தான் நிற்கிறது. சீனிப்பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள தண்ணீர் குறையும், தண்ணீர் குறையக் குறைய கொதிநிலை ஏறும். ஆகவே பாகின் வெப்பநிலையைப் பார்த்தாலே அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். 112 முதல் 116 பாகை செல்சியஸ் வரை எடுத்த பாகைக் குளிர்தண்ணீரில் விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். 118 முதல் 120 வரை கொஞ்சம் இறுகிய உருண்டை. 121க்கு மேல் 130 வரை நன்றாக இறுகிய உருண்டை. 150ஐத் தொட்டால் கண்ணாடி, கடித்தால் பல்லுக்குச் சேதம். அம்மாவின் காலத்தில் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று விரலால் பார்த்தார்கள், பிழைக்கவும் இல்லை. ஆனால் மெல்லுகிற டொபிக்கு 118க்கும் 125க்கும் இடையிலுள்ள அந்த ஏழு பாகைதான் எல்லாம். விரலுக்கு அந்த வித்தியாசம் பழக நாட்கள் ஆகும். முள்ளுக்கு உடனே தெரியும்.

பள்ளிக்கூட வெப்பமானிகளை யாரும் இதற்கு எடுக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் சாதாரணமாகப் புழங்குகிறவை 110 பாகையோடு முடிந்துவிடும். 120 பாகைப் பாகில் அதை வைத்தால் குழாய் உடைந்து உள்ளிருப்பது பாகில் கலக்கும். பாதரசம் உள்ளதென்றால் அந்தத் தாச்சியையே வீச வேண்டியதுதான். பெட்டியில் வந்தது 200 பாகை வரை காட்டுகிறது, தாச்சியின் விளிம்பில் கொளுவிவைக்க ஒரு கம்பிப் பிடியும் இருக்கிறது. பிடி இருப்பது பெரிய வசதி. நுனி அடியில் முட்டாமல் பாகுக்குள் நிற்கும், கை இரண்டும் சும்மா இருக்கும்.

எந்த வெப்பமானியையும் சோதிக்காமல் நான் நம்புவதில்லை. கன்னியாவுக்குக் கொண்டுபோய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் முக்கிப் பாருங்கோ என்று மருமகன் பகிடி விட்டார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கடல் மட்டத்தில் சுத்தமான தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், திருகோணமலை இருப்பதும் கடல் மட்டத்தில்தான், இதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? கேத்தலில் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு நுனியை அடியில் படாமல் பிடித்தேன். முள் 97இல் நின்றது. உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து வைத்தால் 0 காட்டியது. அப்படியென்றால் மேலே போகப் போக இது குறைத்துச் சொல்கிறது. 120 அளவில் மூன்று பாகையோ கொஞ்சம் கூடவோ சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த விலைச் சாமானில் இதைப் பெரிய குறையாக நான் எடுக்கவில்லை. பிழை ஒரே அளவாக இருந்தால் அது பிழையே இல்லை, கூட்டிக் கழித்தால் முடிந்தது. மறுபடி மறுபடி கொதிக்கவைத்துப் பார்த்தும் அதே 97தான். நம்பலாம். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், ஆகவே செய்முறையில் சொல்கிற பாகையிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பாகை இறக்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. செய்முறைத் தாள் 118 பாகையில் இறக்கச் சொல்கிறது. குளிர்நாட்டுக் குசினிக்கு அது சரியான அளவு. இங்கே மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற பகலில் 35 பாகை வெயில் சாதாரணம், அப்படி இறக்கிய டொபி மேசையில் வைத்த வடிவத்தில் நிற்காது, படுத்துவிடும். ஆனால் வெப்பமானி மூன்று பாகை குறைத்துக் காட்டுவதால், தாளை அப்படியே நம்பி 118இல் இறக்கினால் உண்மையில் 121 ஆகிவிடுகிறது. தாளின் குறையை வெப்பமானியின் குறை பாதி சரிக்கட்டிவிட்டது. மீதிப் பாதியை நான் கூட்டினேன். எங்கள் வீட்டுக்குச் சரியாக வந்தது உண்மையான 123, அதாவது முள்ளில் 120. வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் இன்னொரு பாகை கூட்ட வேண்டும், ஏனென்றால் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காலையில் காய்ந்திருந்த துண்டு பின்னேரம் விரலில் ஒட்டும்.

அடுத்தது ஜெலற்றின். இந்த ஒரு பைக்கற்தான் எங்கள் வீட்டில் பெரிய வழக்கானது.

பைக்கற்றில் மாட்டு ஜெலற்றின் என்றும் ஹலால் என்றும் தெளிவாக எழுதியிருந்தது, அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மனைவி கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “மாடெண்டால் எனக்கும் வேண்டாம், சாமியறைப் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்” என்றார். அன்று பின்னேரம் என்னோடு ஒன்றாக வேலை செய்த கிண்ணியா நானா வந்திருந்தார். பழைய ஆள், பாலம் போட முதல் துறையடியில் காத்திருந்து வேலைக்கு வந்த காலத்து நண்பர். அவர் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து அதையே கேட்டார்: “ஐயா, டொபி நல்லாத்தான் இரிக்கும். முதல்ல அந்தப் பைக்கற்றக் காட்டுங்க.” எழுத்தைப் பார்த்த பிறகுதான் பிளேன்டியைக் கையில் எடுத்தார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஜெலற்றின் என்பது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, மாட்டிலும் பன்றியிலும் மீனிலும் வரும், பைக்கற்றில் எழுதாவிட்டால் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் ஒரே கோப்பையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற ஊரில், விருந்தாளிக்கு வைக்கிற இனிப்பில் இப்படி ஒரு கேள்வி இருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

அதோடு இந்தப் பொருளுக்கு வெயில் ஆகாது. ஜெலற்றினால் இறுகிய ஜெலி நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகத் தொடங்கும், வாயில் வைத்ததும் கரைகிற சுகம் அதனால்தான் வருகிறது. எங்கள் மே மாத மத்தியானமும் ஏறக்குறைய அதே சூடுதான். வாய்க்குள் நடக்க வேண்டியது மேசையிலேயே நடந்துவிடும். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் அதன் பிடிப்பு இன்னும் கெடும். செய்முறைத் தாளோ அமிலத்தையும் ஜெலற்றினையும் ஒன்றாகக் கொதிக்கிற பாகில் கொட்டச் சொல்கிறது. எழுதியவர் செய்து பார்த்துத்தான் எழுதினாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்படியானால் அதற்குப் பதில் என்ன? கடற்பாசி என்று நானா சொன்னார். நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடற்பாசி காய்ச்சாத வீடு குறைவு, அதனால் அவருக்கு அதில் நம்பிக்கை. வெயிலுக்கு அது அசையாது என்பது உண்மை. ஒருமுறை இறுகினால் 85 பாகை வரை உருகாது. ஆனால் அது மெல்லுகிற சாமான் இல்லை, கடித்தால் ‘டக்’ என்று முறியும். தோடம்பழச் சாற்றில் காய்ச்சி வில்லை போட்டால் அருமையான இனிப்பு, டொபி மட்டும் இல்லை. சோளமா போட்டும் பார்த்தேன். அது மஸ்கட் அல்வாப் பக்கம் போய்விட்டது. மஸ்கட் நல்லதுதான், அதற்கு நல்ல கடைகள் இருக்கின்றன, நான் ஏன் செய்ய வேண்டும்?

கடைசியில் தெரியவந்தது, ஒன்றுமே போடத் தேவையில்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் நகரக் கடற்கரையில் 1880களிலிருந்து விற்கிற ஒரு டொபி உண்டு. பெயரில் உப்புத்தண்ணீர் இருக்கும், டொபியில் கடல்தண்ணீர் கிடையாது. அது சீனி, குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். மெல்லுகிற தன்மை இழுப்பதிலிருந்து வருகிறது. ஆறிய பாகை இழுத்து மடித்து, மறுபடி இழுத்து மடிக்க, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் அடைபடும். அதுவரை கண்ணாடியாக இருந்த பாகு வெளிறி மங்கி, பல்லுக்கு மெத்தென்று வரும். கடற்கரைச் சனம் கண்டுபிடித்த இனிப்பு, எங்கள் ஊருக்கும் பொருந்திவிட்டது. ஜெலற்றின் பைக்கற் அப்படியே இருக்கிறது, யாருக்காவது தேவையென்றால் கொடுத்துவிடுவேன்.

இழுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், செய்முறைத் தாளில் இது ஒரு வரிகூட இல்லை. பட்டர் பூசிய தட்டத்தில் பாகை ஊற்றியதும் தொடாமல் விட வேண்டும். ஓரங்கள் முதலில் இறுகும், நடு இன்னும் ஓடும். ஓரத்தை அகப்பையால் நடுவுக்கு மடித்து மடித்து விட்டால் சூடு சமமாக இறங்கும். கை பொறுக்கிற சூடு வந்ததும் உள்ளங்கையில் பட்டர் பூசிக்கொண்டு அள்ளுங்கள். முதல் இழுவையில் பாகு செம்மஞ்சளாக, ஊடே கை தெரிகிற மாதிரி இருக்கும், தொங்கும், விரலிடுக்கில் வழியும். பயப்பட வேண்டாம். ஒரு முழம் இழுத்து, இரண்டாக மடித்து, கொஞ்சம் முறுக்கி மறுபடி இழுங்கள். பேத்தி ஒரு நுனி, நான் ஒரு நுனி. டச்சுக்குடாவில் வள்ளக்காரர் கயிறு முறுக்குவதைப் போலத்தான் எதிரெதிரே நின்று செய்தோம். பத்து நிமிடத்துக்குள் நிறம் மங்கத் தொடங்கும். பிறகு மேற்பரப்பில் நீளவாட்டில் மெல்லிய வரிகள் விழும், பட்டுப் பளபளப்பு வரும், இழுக்கக் கை வலிக்கும். வரிகள் அழியாமல் நிற்கிறதா, அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் சீனி மணல் மணலாகத் திரும்பிவிடும்.

கைக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா என்று கேட்பீர்கள். தேசிக்காய் டொபிக்குப் பூசலாம், அந்த வாசம் சேரும். தோடம்பழத்துக்கு வேண்டாம், தலைக்குப் பூசின வாசம் வரும். இது என் மூக்கின் தீர்ப்பு, மனைவிக்கு உடன்பாடில்லை.

சுவைக் குப்பிகளைப் பற்றி நல்லது சொல்ல எதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் தோடம்பழம் மாதிரித்தான் மணக்கும், டொபியில் போட்டால் காய்ச்சல் பாணிதான் நினைவுக்கு வரும். தேசிக்காய்க் குப்பி பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம். பேத்தி ஒரு துண்டை வாயில் போட்டு, “அம்மப்பா, இது கையலம்பிற வாசம்” என்று எடுத்துக் கையில் தந்துவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளை டொபியைத் துப்பினால் அதற்கு மேல் விமர்சனம் என்ன?

பழத்தின் வாசம் சாற்றில் அல்ல, தோலில் இருக்கிறது. தோடம்பழத்தைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், தோலெல்லாம் ஊசிமுனை அளவில் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை, அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்கிற வாசப்பொருள். பேத்திக்கு ஒரு பழைய ஆய்வுகூட வித்தை காட்டினேன்: தோலில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தில் மடித்துப் பிழிந்தால் ‘சர்’ரென்று பொறி பறக்கும். எண்ணெய் பற்றி எரிகிறது. அதனால்தான் தோல் துருவலோ எண்ணெயோ சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். பாதுகாப்புக்கு மட்டுமல்ல, கொதிக்கிற பாகில் போட்டால் வாசம் ஆவியோடு போய்க் குசினி மணக்கும், டொபி மணக்காது.

நான் கண்ட வழி பட்டர். எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பட்டரை மெல்லிய சூட்டில் உருக்கி, இறக்கிவைத்து, இரண்டு பழத்தின் தோலை மேலாகத் துருவிப் போட்டு, மூடி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு வடிகட்டினால் பட்டரே செம்மஞ்சளாக மணக்கும், நிறக் குப்பியும் தேவைப்படாது. துருவும்போது வெள்ளைப் பகுதியைத் தொடாதீர்கள், கசக்கும்.

எந்தப் பழம் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தையில் இரண்டு சாதி கிடைக்கும். மெழுகு பூசிப் பளபளக்கிற வெளிநாட்டுப் பழம் ஒன்று. தோல் பச்சையாகவே இருக்கிற எங்கள் நாட்டுப் பழம் மற்றது, பிபிலைப் பக்கத்துத் தோடம்பழத்துக்குப் பெயர் உண்டு. பச்சையைப் பார்த்துக் காய் என்று நினைக்க வேண்டாம். தோல் மஞ்சளாக மாற இரவில் குளிர் வேண்டும், எங்கள் காலநிலையில் அது இல்லை, உள்ளே பழுத்திருந்தாலும் வெளியே பச்சைதான். தோலின் வாசத்தில் நாட்டுப் பழம் ஒரு படி மேல், லேசான காரம் கூட இருக்கும். வெளிநாட்டுப் பழம்தான் கிடைத்ததென்றால் வெந்நீரில் தேய்த்துக் கழுவி மெழுகை எடுத்துவிட்டுத் துருவுங்கள். தேசிக்காய் டொபிக்கு ஒரே கட்டளை, தோல் மினுங்குகிற புதுக் காயாக இருக்கட்டும்.

புளிப்புக்குச் சாறு விடலாமே என்று மனைவி கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். தேசிக்காய்ச் சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராம்தான் சிட்ரிக் அமிலம், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு தட்டம் டொபிக்கு வேண்டியது அந்த 5 கிராம். ஆறின பாகில் 100 மில்லிலீற்றர் தண்ணீரை விட்டால் மறுபடி பாணிதான். முதலிலேயே சாற்றை விட்டுக் கொதிக்கவைத்தாலோ, அமிலம் சீனியை உடைத்து குளுக்கோஸும் பிரக்டோஸுமாக்கும். கொஞ்சம் உடைந்தால் நல்லது, பாகு கற்கண்டாகத் திரும்பாது. அளவு மீறினால் டொபி எப்போதும் பிசுபிசுக்கும். ஆகவே அமிலத்தூளை இறக்கிய பிறகு, ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பதே நல்லது. பெட்டியில் தந்த 10 கிராமில் பாதி போதும். முழுவதும் கொட்டச் சொல்கிறது தாள். அப்படிச் செய்தால் நாக்கு தோலுரியும்.

இப்போது எங்கள் வீட்டு அளவு இதுதான். சீனி 250 கிராம், குளுக்கோஸ் பாகு 180 கிராம், தண்ணீர் 80 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் அடி கனத்த சட்டியில் கரையும்வரை கிளறி, கொதி வந்த பிறகு கிளறாமல் விட வேண்டும். சட்டியின் பக்கத்தில் தெறித்த சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அதில் ஒரு குறுணி பாகில் விழுந்தாலும் முழுச் சட்டியையும் மணலாக்கும். உண்மையான 123 பாகையில் அடுப்பை அணைத்து, மணமூட்டிய பட்டர் 25 கிராம் கலந்து, கொதி அடங்கியதும் அமிலம். பிறகு தட்டம், மடிப்பு, இழுவை. கடைசியில் விரல் தடிப்பில் உருட்டி, பட்டர் தடவிய கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும்.

நறுக்கியதும் சுற்ற வேண்டும், பிறகு பார்ப்போம் என்று வைக்கக் கூடாது. இங்கேதான் பெட்டியின் மெழுகுத்தாளுக்கு முழு மதிப்பெண். சரியான அளவில் வெட்டியிருக்கிறார்கள், இரு பக்கமும் முறுக்கினால் அவிழாமல் நிற்கிறது, டொபியில் ஒட்டுவதும் இல்லை. கடையில் வாங்கிய எண்ணெய்த்தாளில் நான் வெட்டிய துண்டுகள் இவ்வளவு ஒழுங்காக வரவில்லை. சுற்றிய துண்டுகளை மூடி இறுகிய டின்னில் போட்டால் கச்சான் காலத்தில் இரண்டு கிழமை தாங்குகிறது. மழைக்காலத்தில் அதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். டின்னைத் தண்ணீர்த் தட்டில் வைக்க மறக்காதீர்கள், எங்கள் வீட்டு எறும்புகளுக்கு மூடி ஒரு பொருட்டில்லை.

கரடிக்குட்டி அச்சு வீண். இழுத்த டொபியை அச்சில் ஊற்ற முடியாது, இழுக்காமல் ஊற்றினால் வெளியே வராது. பேத்தி அதில் ஐஸ் போடுகிறாள். செய்முறைத் தாளில் தமிழ் இல்லை. நாலு வரி போட்டிருக்கலாம்.

சுவையைப் பற்றி ஒரு நியாயமான ஒப்பீடு வேண்டுமென்று, லண்டனிலிருந்து மைத்துனி கொண்டுவந்த ஸ்டார்பர்ஸ்ட் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம். இந்த வகை டொபிக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர்போனது. 1960இல் பிரித்தானியாவில் ஓப்பல் ஃப்ரூட்ஸ் என்று வந்தது, அங்கே 1998இல்தான் பெயரை மாற்றினார்கள். மைத்துனி இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார். ஆரம்பத்திலிருந்த நாலு சுவையில் மூன்று தோடம்பழம், லெமன், தேசிக்காய். மெத்தென்ற தன்மையில் அவர்களை எங்களால் பிடிக்க முடியவில்லை, எங்களுடையது முதல் கடியில் கொஞ்சம் இறுக்கம். வாசத்தில் எங்களுடையதுதான் முன்னுக்கு, அதிலும் தேசிக்காய். இதை மைத்துனியே சொன்னார், சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் போட்டார். பல் கட்டியவர்கள் இரண்டையும் தவிர்க்கவும்.

ஆக, என்ன வாங்கலாம்? 200 பாகை வரை காட்டுகிற, பிடியுள்ள வெப்பமானி ஒன்றைத் தனியாக வாங்குங்கள், பெட்டி விலையில் பாதிகூட வராது. குளுக்கோஸ் பாகும் சிட்ரிக் அமிலமும் நகரில் கேக் சாமான் விற்கிற கடைகளில் இருக்கின்றன. நான் போன கடையில் நின்ற பிள்ளை அமிலத்தை 50 கிராமாக நிறுத்துத் தந்தாள், எதற்கு என்று கேட்டு, டொபிக்கு என்றதும் எப்படிச் செய்வது என்று விசாரித்தாள். பரிசாகக் கொடுக்க வேண்டும், திறக்கிற பிள்ளைக்கு ஆசையாக இருக்க வேண்டும் என்றால் மட்டும் பெட்டி சரி. அப்போதும் சுவைக் குப்பிகளை எடுத்து ஒளித்துவிட்டு இரண்டு தோடம்பழத்தை உள்ளே வையுங்கள்.

பெட்டியே வாங்குகிறீர்கள் என்றால் கூரியர்க்காரர் நிற்கும்போதே திறந்து பாருங்கள். எங்களுக்கு வந்ததில் குளுக்கோஸ் போத்தலின் மூடி சூட்டில் தளர்ந்து, கால்வாசி கசிந்து, செய்முறைத் தாளின் கடைசிப் பக்கம் அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. முறைப்பாடு எழுதினால் திறக்காத பெட்டியின் படம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.